மோனிஷா பவன் எங்கே?

காலை பதினொன்று பத்துக்கு எங்கள் கையில் இருந்தது ஒரு கையெழுத்து, ஒரு முகவரி, ஒரு கறுப்புப் புள்ளி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான்கு மணிக்குள் ஒரு திருடனைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மோனிஷா என்கிற பதினெட்டு வயதுப் பெண் நர்ஸ் ஆகப்போவதில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்தது கேரளத்து வண்டிப்பெரியாரில், சுடரொளி ஃபைனான்ஸின் மாடி அலுவலகத்தில். நாங்கள் என்றால் நானும் என் முதலாளி மதலேனம்மாளும். அவர் ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பத்தொன்பது வருடம் தபால் அலுவலகம் நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் ஊருக்கு அவர் 'போஸ்டம்மா'தான். நான் ஜிஷா. முன்பு குழுக்கடன் வசூலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் தலை தெரிந்தால் லயங்களில், அதாவது தோட்டக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில், ஒவ்வொன்றாகக் கதவு சாத்துவார்கள். இப்போது துப்பறியப் போகிறேன். இப்போதும் சாத்துகிறார்கள்.

எதிரே எங்கள் கட்சிக்காரி சித்ரா, பக்கத்தில் அவள் மகள் மோனிஷா. சித்ரா ஏலப்பாறைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தோட்ட ஃபேக்டரியில் வேலை பார்த்த கணவன் அருண்பாண்டி மூன்றரை வருடத்துக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டான். மோனிஷாவுக்குக் கோட்டயத்தில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. படிப்புக்கடனுக்குத் தாயும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பாங்கில் தாயின் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். கிரெடிட் ஸ்கோர் 536. கடன் கிடையாது என்றுவிட்டார்கள்.

அது என்ன எண் என்று சித்ராவுக்கு நேற்று நான்தான் விளக்கினேன். முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை போகும் மார்க் அது. வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினால் ஏறும், விட்டால் இறங்கும், உன்னைக் கேட்காமலே உன் பெயரில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை அந்த ரிப்போர்ட்டை யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொல்லி, என் போனிலேயே எடுத்துக் காட்டினேன். அதில் ஒரே ஒரு கடன். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு செல்போனுக்காக சுடரொளியில் வாங்கி, பாதியில் நின்றுபோனது. சித்ரா அதை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தான் பிறந்ததிலிருந்து கடன் வாங்கியதில்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த கௌரவத்தை நான் மறக்கமாட்டேன்.

ரிப்போர்ட்டில் தவறு என்று ஆட்சேபம் எழுதிப் போட்டோம். அதற்குப் பதில் வர முப்பது நாள் ஆகலாம். காலேஜ் முப்பது நாள் காத்திருக்காது. பாங்க் மேனேஜர் பிரதீப் நல்ல மனிதர். கடன் கொடுத்த கம்பெனியே பிரச்சினை தீர்ந்தது என்று இன்று நான்கு மணிக்குள் கடிதம் கொடுத்தால், தானே மேலிடத்தில் பேசி இன்றைக்கே அனுமதிக் கடிதத்தைக் காலேஜுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு மேல் சீட் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

சுடரொளியின் கிளை அதிகாரி அஜய் சிரித்த முகத்தோடு ஃபைலை நகர்த்தினான். பெயர் சரி, ஆதார் சரி, பான் நம்பர் சரி, ஆகவே கடன் இவர்களுடையதுதான் என்பது அவன் கட்சி.

"இது என் ஒப்பு இல்ல சாரே," என்றாள் சித்ரா. கையெழுத்தை எங்கள் பக்கம் 'ஒப்பு' என்றுதான் சொல்வோம். ஃபாரத்தில் இருந்த ஒப்பு மலையாளத்தில். சித்ரா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள், தமிழில் 'சித்ரா' என்று எழுதி முடிப்பதற்குள் பேனா மையே பாதி தீர்ந்துவிடும்.

மதலேனம்மாள் ஒப்பைப் பார்க்கவே இல்லை. ஆதார் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். பிறந்த தேதிக்குப் பக்கத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"ஜெராக்ஸ் மெஷின் அழுக்கு," என்றான் அஜய்.

"மெஷின் அழுக்குன்னா எல்லாப் பக்கத்துலயும் விழும். இதுல மட்டும்தான் இருக்கு."

சித்ரா எட்டிப் பார்த்தாள். "அது அட்டை போஸ்டம்மா."

"அட்டைதான், ஆதார் அட்டை. அது தெரியுதுக்கா," என்றேன் நான்.

"அந்த அட்டை இல்ல பாப்பா. கால்ல ஏறுமே, அந்த அட்டை."

விஷயம் இதுதான். நான்கு வருடத்துக்கு முன்பு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்ட நாளில், சித்ரா காகித ஆதாரை மடியில் செருகிக்கொண்டு மலையிலிருந்து நேராக வரிசைக்கு வந்திருக்கிறாள். இடுப்பு வரைக்கும் ஏறிய அட்டை ஒன்று வயிறு நிறையக் குடித்துவிட்டு அங்கேயே நசுங்கி, காகிதத்தில் ரத்தம் ஊறிவிட்டது. அடுத்த வாரமே அவள் பிளாஸ்டிக் அட்டை எடுத்துவிட்டாள். ரத்தக் கறை பட்ட காகிதத்தை வீட்டுத் தகரப் பெட்டியில் வைத்தவள் அதன்பிறகு யாருக்கும் கொடுத்ததில்லை.

மதலேனம்மாள் நகலை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. ஜெராக்ஸ் கடையிலோ ரேஷன் கடையிலோ கொடுத்த பழைய நகல் இல்லை இது. தகரப் பெட்டியைத் திறந்து எடுத்தது. திருடன் வெளியாள் இல்லை.

ஃபாரத்தில் இருந்த போன் நம்பரை நான் சத்தமாகப் படித்தேன். சித்ராவின் முகம் மாறியது.

"மாரீஸ்வரன் நம்பர். என் கொழுந்தன்."

அருண்பாண்டியின் தம்பி. கடன் வாங்கிய அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் வீட்டிலேதான் இருந்திருக்கிறான். பிறகு திருப்பூருக்குப் போனவன் அண்ணன் சாவுக்கு வந்துவிட்டுப் போனதோடு சரி. நம்பரையும் மாற்றிவிட்டான். சித்ராவுக்குச் சந்தேகமே இல்லை. சோறு போட்ட கையைக் கடித்துவிட்டான் என்று ஆரம்பித்து, அவள் சொன்ன மற்றவற்றை இங்கே எழுதினால் புத்தகம் விற்காது. மோனிஷா மட்டும் கண்ணாடி விரிசல் விட்ட தன் பழைய போனை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுப்பேர் போடற இடத்துல என்ன எழுதியிருக்கு, படி," என்றார் மதலேனம்மாள் என்னிடம்.

"மோனிஷா பவன்."

கேரளத்தில் எந்த ஃபாரத்திலும் வீட்டுப்பேர் கேட்பார்கள். தோட்டத்து லயங்களில் நம்பர்தான் உண்டு, பேர் கிடையாது. அந்தக் கட்டத்தில் கோடு கிழித்து விடுவோம்.

அந்த முகவரிக்கு மூன்று நோட்டீஸ் போனதாகவும் மூன்றும் ஆள் இல்லை என்று திரும்பி வந்ததாகவும் அஜய் சொன்னான். அதனால்தான் சித்ராவுக்கு இத்தனை வருடமாக ஒன்றும் தெரியவில்லை. கள்ள முகவரி, கள்ள ஒப்பு, எல்லாம் மோசடி என்றால் போலீஸில் புகார் எழுதி ரசீதோடு வரட்டும், பார்க்கலாம் என்றான்.

"எத்தனை தவணை கட்டியிருக்கு?"

"அஞ்சு. எல்லாம் பதினொண்ணாம் தேதி, ஒரு நாள் தப்பாம."

மதலேனம்மாள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போன் விற்ற கடையின் பேர் ஃபாரத்தின் அடியில் இருந்தது, யாக்கோபு மொபைல்ஸ், ஏலப்பாறை. வாசலில் நின்று திரும்பினார்.

"பாப்பாவும் வரட்டும். போனை மறக்காம எடுத்துக்கோ மோனிஷா."

சிக்னல் இல்லாத மலைக்குப் போகிறோம், போன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

*

ஜீப்பை நான்தான் ஓட்டினேன். பாம்பனாறு தாண்டியதும் மழை, பீர்மேட்டில் மூடுபனி, குட்டிக்கானத்தில் இரண்டும் சேர்ந்து. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. மணி பன்னிரண்டு இருபது. போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் போட்டு என் கழுத்து வலித்தது. லாரிக்காரனை முந்தலாமா என்று கேட்டேன். முந்தினால் ஸ்கோர் ஏறாது, சவப்பெட்டி விலை ஏறும் என்றார் மதலேனம்மாள்.

"மாரீஸ்வரன்தான் போஸ்டம்மா. இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றேன்.

அவர் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"ரெண்டு விஷயம் உறுத்துது ஜிஷா. எந்தத் திருடன் அஞ்சு தவணை கட்டுவான்? எந்தத் திருடன் ஆதார்ல இருக்கிற அட்ரஸை விட்டுட்டு, இல்லாத வீட்டுக்குப் பேர் வைப்பான்?"

பேச்சை மாற்ற, பின்னால் இருந்த மோனிஷாவிடம் அந்த விரிசல் போனை எப்போதுதான் மாற்றுவாய் என்று கேட்டேன். மாற்ற மாட்டேன் என்றாள். ஒன்பதாம் வகுப்பு ஆன்லைனில் நடந்தபோது அப்பா கொண்டுவந்து கொடுத்தது, தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கம்பெனி இனாமாகக் கொடுத்ததாம். மலைமேல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் வரும். மழையில் அங்கே அப்பா குடை பிடிக்க, அவள் பாடம் கேட்டாளாம். சொல்லும்போது சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

மதலேனம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது.

*

யாக்கோபு ஐம்பது வயதுக்காரர். கடையில் செல்போன், குடை, ஜெபமாலை மூன்றும் விற்றார். எங்களைப் பார்த்ததும் கும்பிட்டவர், பின்னால் சித்ராவைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார். அதைப் பார்த்த எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஆளுக்குத் தெரியும்.

நான்கு வருடத்துப் பில் எல்லாம் இருக்காது என்று ஆரம்பித்தார். மதலேனம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாக்கோபு, உம்ம கல்யாணப் பத்திரிகை முந்நூத்துப் பதினாறுக்கும் நான்தான் முத்திரை குத்தினேன். நீரு ஒரு காகிதத்தையும் கிழிச்சுப் போடற ஆள் இல்ல. எடுத்துட்டு வாரும்."

பில் புத்தகம் வந்தது. 2021 ஆகஸ்ட். கார்பன் நகலில் சித்ராவின் பெயர், போனின் விலை, அடியில் போன் பெட்டியில் இருந்த, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியான பதினைந்து இலக்க நம்பர்.

சித்ரா கேட்டாள், மாரீஸ்வரன்தானே வந்தான் என்று. யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டார். வந்தான் என்றார். வந்தான், ஆனால் தனியாக வரவில்லை.

"மோனிஷா," என்றார் மதலேனம்மாள். அவர் குரல் இவ்வளவு மெதுவாக இறங்கி நான் கேட்டதில்லை. "உன் போன்ல ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் அமுக்கு. ஒரு நம்பர் வரும். அதைப் படி. ஜிஷா, நீ பில்லைப் பாரு."

மோனிஷா அமுக்கினாள். மூன்று, ஐந்து, எட்டு என்று படிக்க ஆரம்பித்தாள். நான் விரல் வைத்துக்கொண்டே போனேன். முதல் ஆறு ஒத்துப்போனது. அது கம்பெனி நம்பராக இருக்கும், எல்லாப் போனுக்கும் பொது என்று நினைத்தேன். ஒன்பதாவது ஒத்தது. பன்னிரண்டாவது ஒத்தது. பதின்மூன்றாவதில் விரிசல் குறுக்கே ஓடியது. அவள் போனைச் சாய்த்துப் பார்த்து ஏழு என்றாள். பில்லிலும் ஏழு. கடைசி இரண்டைப் படிக்கும்போது அவள் குரல் வெளியே வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

காலையிலிருந்து நாங்கள் தேடிக்கொண்டிருந்த திருட்டுப் பொருள் எங்களோடு ஜீப்பிலேயே வந்திருக்கிறது.

"அண்ணனும் தம்பியுமா வந்தாங்க," என்றார் யாக்கோபு. பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். தம்பி முன்பு வாங்கிய பைக் கடனுக்கு அருண்பாண்டி ஜாமீன் போட்டிருந்தான். தம்பி கட்டாமல் விட்டதில் அண்ணனின் ஸ்கோர் விழுந்துகிடந்தது, அவன் பெயரில் கடன் கிடைக்கவில்லை. பெண்டாட்டிக்குத் தெரிந்தால் கடன் வேண்டாம் என்பாள், பிள்ளைக்கோ வகுப்பு போகிறது. அண்ணன் பெட்டியிலிருந்து பழைய ஆதாரை எடுத்து வந்துவிட்டான், வீட்டுக்குப் போன் போகாதபடி தம்பி நம்பரைக் கொடுத்துவிட்டான். சித்ரா நேரில் வந்து ஒப்புப் போட வேண்டும் என்று யாக்கோபு சொல்லியிருக்கிறார். பிறகு, ஒரு போன் விற்குமே என்று, ஒப்பை அவரே போட்டுவிட்டார். மலையாளத்தில்.

"வீட்டுப்பேர் நீரா எழுதினீரு?" என்று கேட்டார் மதலேனம்மாள்.

"அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது போஸ்டம்மா. வீட்டுப்பேர் என்னன்னு கேட்டேன். லயத்துக்கு ஏது பேருன்னு தம்பி சிரிச்சான். அருண்பாண்டி கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம் மோனிஷா பவன்னு போடுங்கன்னான்." அவர் சித்ராவைப் பார்க்காமல் சொன்னார். "சம்பளம் பத்தாம் தேதி. பதினொண்ணாம் தேதி வந்து என்கிட்ட கட்டிட்டுப் போவான். ஃபெப்ருவரியில வரல."

ஃபெப்ருவரியில் ஏன் வரவில்லை என்று அந்தக் கடையில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபெப்ருவரி மூன்றாம் தேதி அவனை அடக்கம் பண்ணியிருந்தார்கள். சித்ரா கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மணி ஒன்று நாற்பது.

*

திரும்பும் வழியில் மதலேனம்மாள் சுற்றி வளைக்காமல் சொன்னார். கையில் இப்போது யாக்கோபு எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. ஒப்பு பொய் என்று அதில் ஒத்துக்கொண்டிருக்கிறார். இதை வைத்து இரண்டு வழி. போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கினால், இது சித்ராவின் கடனே இல்லை என்று கம்பெனி எழுதித்தர வேண்டியிருக்கும். ஒரு பைசா கட்ட வேண்டாம். ஆனால் ஆதாரைத் திருடிக்கொண்டு வந்தது யார் என்று புகாரில் எழுதியாக வேண்டும். இரண்டாவது வழி, கடனை ஏற்றுக்கொண்டு கட்டுவது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. செத்துப்போனவரைப் போலீஸ் என்ன செய்யப் போகிறது? வெறும் காகிதம்தானே? அதைச் சொல்லியும் விட்டேன். சொன்ன வாயை மூடுவதற்குள் கண்ணாடியில் மோனிஷாவின் முகம் தெரிந்தது. என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

பாம்பனாறு வந்ததும் சித்ரா வாயைத் திறந்தாள்.

"சொல்லாம செஞ்சது தப்புதான். இன்னிக்கு மட்டும் இருந்தாரு, கேட்டிருப்பேன் நாலு கேள்வி." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா திருடன்னு எழுத மாட்டேன். என் பிள்ளை படிக்கப் போற காகிதத்துக்குப் பக்கத்துல அந்தக் காகிதம் இருக்கக் கூடாது. கட்டிருதேன் போஸ்டம்மா."

"முடிவு உன்னுதுதான்," என்றார் மதலேனம்மாள். "ஆனா எவ்வளவு கட்டணும், எப்படிக் கட்டணும்கிறதை என்கிட்ட விடு."

*

மூன்று ஐந்துக்கு மறுபடி சுடரொளி. கட்டுகிறோம் என்றதும் அஜய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டினான். பாக்கி, வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து இருபத்து மூவாயிரத்து நானூறு. சித்ராவின் கை சேலைத் தலைப்பை இறுக்கியது. உடனே அவன் தாராள மனசோடு குனிந்தான்.

"உங்களுக்காக ஒண்ணு செய்றேன். பன்னிரண்டாயிரம் கட்டுங்க, மீதியைத் தள்ளிடறோம். செட்டில்மெண்ட் போட்டுடலாம்."

சித்ராவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் செட்டில்மெண்ட் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். ஆயுசு முழுக்க உழைத்தவனுக்குக் கடைசியில் கம்பெனி மரியாதையாக எண்ணிக் கொடுக்கும் பணம். அதைவிட நல்ல வார்த்தை லயத்தில் கிடையாது. அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

மதலேனம்மாளின் குடைப்பிடி பேனாவின்மேல் வந்து விழுந்தது.

"அது நம்ம செட்டில்மெண்ட் இல்ல சித்ரா. முழுசாக் கட்ட முடியாம பாதியில கையைத் தூக்கிட்டான்னு உன் பேர்ல எழுதுற வார்த்தை. வருஷக்கணக்கா ரிப்போர்ட்ல நிக்கும். அதைப் பார்த்தா பிரதீப் சார் பேனாவையே திறக்க மாட்டாரு. நமக்கு வேண்டியது 'குளோஸ்டு'. முழுசாக் கட்டி முடிச்சாச்சு, பாக்கி ஏதுமில்லன்னு."

அப்படியென்றால் இருபத்து மூவாயிரத்து நானூறு என்றான் அஜய். மதலேனம்மாள் யாக்கோபின் வாக்குமூலத்தை மேஜையில் விரித்தார். கடன் வாங்குகிறவளை உங்கள் ஏஜெண்டான யாக்கோபு கண்ணால்கூடப் பார்க்கவில்லை, ஒப்பையும் அவரே போட்டிருக்கிறார், இல்லாத வீட்டுக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள், நோட்டீஸும் அங்கேயே அனுப்பியிருக்கிறீர்கள். இந்தக் காகிதம் மேலே புகாராகப் போனால் பதில் சொல்ல வேண்டியது யாக்கோபு மட்டும் இல்லை என்றார். நோட்டீஸே கிடைக்காதவளிடம் தாமதக் கட்டணம் எப்படிக் கேட்பீர்கள் என்றும் கேட்டார். நிற்பது ஏழு தவணை, எட்டாயிரத்து ஐம்பது. அதை முழுசாகக் கட்டுகிறாள். மீதி உங்கள் கம்பெனியின் தவறு, அதை அப்படியே எழுதி நீக்குங்கள்.

அஜய் எழுந்து உள்ளே போய் யாருக்கோ போன் பண்ணினான். கதவுக்குப் பின்னால் அவன் குரல் ஏறி இறங்கியது. மணி மூன்று இருபது, மூன்று இருபத்தைந்து. அவன் வெளியே வந்தபோது சிரிப்பு இல்லை. சரி என்று மட்டும் சொன்னான்.

பணத்துக்கு என்ன செய்வாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். சித்ரா பைக்குள்ளிருந்து பாங்க் புத்தகத்தை எடுத்தாள். அருண்பாண்டி செத்த பிறகு தோட்டம் கொடுத்த பணம். ஈமச்செலவும் மற்றதும் போக மிஞ்சியதை மகளின் ஹாஸ்டலுக்கென்று தொடாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"அவரு செட்டில்மெண்ட்லருந்தே கட்டிக்கிடுங்க," என்றாள். "அவரு வாங்கினது. அவரே கட்டட்டும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பேக்கரிக்காரன் தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தான், அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

மோனிஷாவின் போன் வழியாக அந்தக் கணக்கிலிருந்து பணம் ஏறியது. அஜய் கடிதத்தை அடிக்க ஆரம்பித்தான். முகவரிக்கு வந்ததும் நிமிர்ந்தான். பழைய அட்ரஸ் பொய்யாச்சே, லயம் நம்பர் மட்டும் போட்டுவிடவா என்றான். சித்ரா மதலேனம்மாளைப் பார்த்தாள். ஒரு எழுத்துப் பிசகினாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற ஆள் அவர் என்பது எங்கள் ஊருக்கே தெரியும்.

"எழுதும்," என்றார் மதலேனம்மாள். "மோனிஷா பவன், லயம் ஆறு, வீடு மூணு, மேல் டிவிஷன், ஏலப்பாறை. இப்ப எந்த போஸ்ட்மேனும் கண்டுபிடிச்சிருவான்."

*

அதே தெருவில் இருந்த பாங்கின் கதவு பாதி சாத்தியிருந்தது. மூன்று நாற்பத்தெட்டு. பிரதீப் சார் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். 'குளோஸ்டு', பாக்கி ஏதுமில்லை, தாமதக் கட்டணம் கம்பெனியின் தவறால் நீக்கப்பட்டது. ஸ்கோர் ஏற இன்னும் ஒரு மாதமாவது ஆகும், அதுவரை இந்தக் கடிதம் போதும் என்றார். இனிமேல் ஆதார் நகல் யாருக்குக் கொடுத்தாலும் எதற்கு, யாருக்கு, என்ன தேதி என்று குறுக்கே எழுதிவிட்டுக் கொடு என்று மோனிஷாவிடம் சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தினார்.

"இந்த மோனிஷா பவன் எங்க இருக்கு? நான் அந்த லயத்துக்கு வந்திருக்கேன். அப்படி ஒரு போர்டு பார்த்ததில்லையே."

மோனிஷா போனை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த கண்ணீர் இப்போது இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"இன்னும் கட்டல சார்."

எந்த பாங்க் மேனேஜருக்கும் அந்த வார்த்தையைக் கேட்டால் பேனா நின்றுவிடும். அவருக்கும் நின்றது.

"வீட்டைச் சொல்றா சார்," என்றேன் நான். "கடனைக் கட்டியாச்சு."

அவர் கையெழுத்துப் போட்டார்.